உன் வண்டியை நான் ஏன் விற்கவில்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் "நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சில் நீ ஜெயித்துவிடுவாய். உன் மூன்று வயதிலிருந்து அப்படித்தான் நடந்து வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷமாகத் திருமங்கலத்தில் உட்கார்ந்து ஊராருக்குப் பத்திரம் எழுதுகிறவள் நான். எவ்வளவு கோபத்தில் எழுதினாலும் என் எழுத்து கோணாது. இதில் உன் பெயரைப் போடவில்லை, வண்டியின் கம்பெனிப் பெயரையும் போடவில்லை. ஆனால் இதை ஒளித்துவைக்கவும் போவதில்லை. உன்னைப் போல வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றுவிட்டு வாசலில் நிற்கிற என்னைப் போன்றவர்களும் படிக்கட்டும்.

"உனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த வண்டியைப் பிடிக்காது" என்றாய். பொய். நீ கொச்சியிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று, பழங்காநத்தத்தில் நம் தெருவே வந்து நின்றது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, பின்னால் ஒரு ஆள் மடங்கி உட்காரத்தான் இடம். உன் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல குடும்பம் எப்படிடா போறது?" என்றார். "அவன் சம்பாத்தியம், அவன் ஆசை. குடும்பம் பஸ்ல போகும்" என்று உனக்காகப் பேசியவள் நான்தான். டர்போ என்றால் என்ன என்று அடுப்படியில் வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். எஞ்சின் வெளியே விடுகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும், அந்தக் காற்றாடி வெளிக்காற்றை அள்ளி மறுபடி எஞ்சினுக்குள் திணிக்கும், அதனால்தான் சின்ன எஞ்சினுக்கு இவ்வளவு பலம் என்று நீ சொன்னபோது, கையில் மாவோடு நின்று ரசித்துக் கேட்டேன். தெரு முனை வேகத்தடையில் அடிப்பாகம் தட்டிவிடக் கூடாதென்று இரண்டு பலகையைப் போட்டு, "வா வா, இன்னும் வா, நில்லு" என்று கைகாட்டியவளும் நான்தான். ஐம்பத்தெட்டு வயதில் தெருவில் நின்று அதைச் செய்ய எனக்கு வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது.

பிறகு நீ அதை மாற்ற ஆரம்பித்தாய். சக்கரம் மாறியது. புகைக்குழாய் மாறியது; எதிர் வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்து அழுதது. அப்புறம் லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, அந்தக் காற்றாடி இன்னும் அதிகமாகக் காற்றைத் திணிக்கும்படி செய்தாய். நம் மெக்கானிக் சிக்கந்தர் அண்ணன் அன்று உன்னிடம் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "தம்பி, ஓடுறதக் கூட்டிட்டீங்க, சரி. நிக்கிறதயும் கூட்டணும்ல? மொதல்ல பிரேக்க மாத்துங்க. மத்தது பெறகு." நீ "அடுத்த மாசம்ணே" என்றாய். அடுத்த மாதம் புது சீட் உறை வந்தது. அதற்கடுத்த மாதம் பின்னால் ஒரு இறக்கை வந்தது. பிரேக் வரவில்லை. வெளியே நின்று பார்க்கிறவன் கண்ணுக்குப் பிரேக் தெரியாதே.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். உன் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அன்று காலை எனக்குப் பஸ் தவறிவிட்டது. "வாம்மா, நான் விடுறேன்" என்றாய். நாலுவழிச் சாலையில் ஏறியதும் ஒழுங்காகத்தான் ஓட்டினாய். நான்தான், "இம்புட்டுத்தானாடா ஒன் வண்டி? இதுக்கா அம்புட்டு வாய் பேசுன?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே மிதித்தாய். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி யாரோ என் நெஞ்சில் கைவைத்து சீட்டோடு அழுத்தியது போல இருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. "இன்னும்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அப்போதுதான் சாலை நடுச்சுவரின் இடைவெளியில் ஒரு மினி லாரி மெதுவாகத் திரும்பியது. நீ பிரேக்கை மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. ஒடித்துத் திருப்பினாய். நடுச்சுவர் நம்மை நோக்கி வந்தது.

அதன் பிறகு எனக்குத் தெரிந்தது வெள்ளைதான். முகத்துக்கு முன்னால் ஒரு தலையணை வெடித்தது போல. பட்டாசு வாசனை, மாவு போல ஒரு தூசி, என் கண்ணாடி ரெண்டாக உடைந்து மடியில் கிடந்தது. முன்கை இரண்டிலும் தோல் உரிந்து எரிந்தது. அவ்வளவுதான். உனக்கு உதட்டில் ஒரு கீறல். வண்டியை இழுத்துப் போக வந்த சிக்கந்தர் அண்ணன் நசுங்கிய முகப்பைப் பார்த்தார், தொங்கிக் கிடந்த அந்த இரண்டு பைகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "அக்கா, இந்த ஏர்பேக் மட்டும் இல்லைன்னா நான் வேற வண்டிக்குச் சொல்லிவிட்டிருப்பேன்" என்றார். என்ன வண்டி என்று அவர் சொல்லவில்லை. நமக்கு விளங்கியது.

அப்போது உன் அப்பா போன் செய்தார். என் நாக்கு தடுமாறவில்லை. "ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்க. தம்பி சுதாரிச்சு ஒடிச்சான். தப்பிச்சோம்" என்றேன். நீ சாலையோரம் உட்கார்ந்திருந்தவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது புரிகிறது, அது ஒரு பாடத்தைப் புரிந்துகொண்ட முகம். ஒரு பொய்யை எவ்வளவு சுலபமாக, எவ்வளவு இயல்பாகச் சொல்லலாம் என்று உனக்கு அன்று காட்டிக் கொடுத்தேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை. உன்னையும்தான்.

இன்சூரன்ஸ்காரர் வந்தால் சொல்லாமல் மாற்றியதெல்லாம் வெளியே வருமென்று நீ அந்தப் பக்கமே போகவில்லை. சிக்கந்தர் அண்ணனிடம் என்னவோ கேட்டாய், அவர் "அது என்னால ஆகாது தம்பி" என்றார். நீ பெங்களூருக்கு வண்டியை ஏற்றி அனுப்பினாய். இரண்டு மாதம் கழித்துப் புதுசு போலத் திரும்பி வந்தது. டேஷ்போர்டு முழுக்கக் கருப்புத் தோல் தைத்திருந்தது. ஸ்டீயரிங் மின்னியது. "எல்லாம் மாத்தியாச்சும்மா" என்றாய். அதன் பிறகு ஒரு வருஷம் அதில்தான் போனோம் வந்தோம். உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வாரம் தவறாமல் அவரை அந்த முன் சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதிரில் என்ன வருகிறது என்றே தெரியாமல், அந்தத் தோல் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறந்துவிடாதே, இது பின்னால் வருகிறது.

நீ ஜெர்மனி போனாய். வண்டி நம் வாசலில் உறை போட்டு நின்றது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணு, சூடாகும் வரை மிதிக்காதே, ஓட்டி முடித்தவுடன் அணைக்காதே, ஒரு நிமிஷம் ஓடவிடு, அந்தக் காற்றாடி சூடு தணியட்டும், மட்டமான ஆயில் ஊற்றிவிடாதே என்று நீ அனுப்பிய குரல் செய்திகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து அப்படியே செய்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை பக்குவம் பார்த்ததில்லை. பிறகு ஒரு நாள், "சோழவந்தான்ல ஒரு பார்ட்டி சிக்கியிருக்குமா. வெத்தலை வியாபாரம், நல்ல இடம். சனிக்கிழமை பாக்க வாராங்க. ஆயில் மட்டும் மாத்தி வை. அடிபட்ட வண்டியான்னு கேட்டா இல்லைன்னு சொல்லிரு" என்றாய். இல்லைன்னு சொல்லிரு. எவ்வளவு லேசாகச் சொன்னாய். எனக்கு ஆடு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சிக்கந்தர் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஆயிலை மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, தம்பி அந்த ஏர்பேக்க மாத்திட்டாரா?"

"மாத்திட்டேன்னு சொன்னான்ணே."

"எங்கிட்ட வேற மாதிரிச் செய்யச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். கோவிச்சுக்காதீக, ஒரு நிமிஷம் பிரிச்சுப் பாத்துரவா?"

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஸ்டீயரிங்கின் பின்பக்கத்தில் எதையோ நெம்பி, நடு மூடியைப் பெயர்த்தார். "இங்கிட்டு வந்து பாருங்க" என்றார். உள்ளே ஒன்றும் இல்லை. பை இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு வயர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கருப்பு டேப் சுற்றி மிளகு அளவில் ஒரு சாமான். "இது ரெசிஸ்டர்க்கா. பை இருக்குன்னு வண்டிய நம்ப வைக்கிறதுக்கு. இது இருந்தா டேஷ்போர்டுல சிவப்பு லைட்டு எரியாது. அந்தப் பக்கமும் இதே கததான்." டேஷ்போர்டின் தோலைத் தட்டிக் காட்டினார். "பை வெடிச்சு வரணும்னா இது கிழியிற மாதிரி இருக்கணும். இது கல்லு மாதிரி தச்சிருக்கு." அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். கையில் தண்ணீர் டம்ளரோடு நான் நினைத்தது உன்னையோ என்னையோ அல்ல. அந்தத் தோல் மேல் கை ஊன்றியிருந்த உன் அப்பாவை.

அன்று சாயந்திரம் நாம் பேசியதை நீ மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். "ஏண்டா, உள்ள ஒண்ணுமே இல்லியாமே?" என்றேன். நீ மறுக்கக்கூட இல்லை. "அசல் பை நம்ம ஊர்ல கிடைக்காதும்மா. இந்த மாதிரி வண்டிக்கு எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. லைட்டு எரியலல்ல? அப்புறம் என்ன?" என்றாய். "ஒங்கப்பா ஒரு வருஷம் அதுல உக்காந்து போனாரேடா" என்றேன். "அதான் அவர் இருக்கும்போது நான் மெதுவாத்தான ஓட்டுனேன்?" என்றாய்.

அந்த ஒரு வாக்கியத்தை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன், இறங்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் நான் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கிறது. வேகமுள்ளைக் குறைத்து ஓட்டுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது, வாய் திறந்து சொல்கிற அளவுக்குத் தெரியவில்லை. நீ மெதுவாக ஓட்டினால் சரி. எதிரில் வருகிறவனும் மெதுவாக வருவான் என்று உன்னிடம் யார் எழுதிக் கொடுத்தது?

சனிக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். பிரபு என்று அந்தப் பையனுக்குப் பெயர், முப்பது வயது இருக்கும். கூட அவன் மனைவி திவ்யா, ஆறு மாத வயிறு. நீ என்னிடம் வயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்காது, அதை மட்டும் நம்புகிறேன். பிரபு வண்டியைத் தடவிப் பார்த்தான், உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தான். உன் முகத்தில் முதல் நாள் பார்த்த அதே வெளிச்சம் அவன் முகத்திலும். திவ்யா சிரமப்பட்டுக் குனிந்து முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து வயிற்றுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். சிக்கந்தர் அண்ணன் அந்தச் சாமானை மறுபடி மாட்டித் தரவில்லை, அதனால் பிரபு சாவியைத் திருப்பியதும் சிவப்பு லைட்டு எரிந்தது.

"இது என்னம்மா லைட்டு?" என்றான். சொன்னேன். எல்லாம் சொன்னேன். நடுச்சுவர், பெங்களூர், காலியான ஸ்டீயரிங், காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்த மிளகையும் எடுத்துக் காட்டினேன். அவன் கோபப்படுவான், எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இதத் திரும்ப மாட்டிட்டா லைட்டு அணஞ்சிரும்ல?"

திவ்யாதான் கேட்டாள். "அணஞ்சா?"

"இல்ல, சும்மா கேட்டேன். வெலையக் கொறச்சுத் தருவாகள்ல. நான் என்ன வேகமாவா ஓட்டப் போறேன்?"

நீயும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரே வாக்கியத்தைப் பேசுகிறீர்கள். நான் கதவைத் திறந்து, "எறங்கு தாயி" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இறக்கினேன். அவனிடம், "வண்டி விக்கிறதுக்கு இல்ல தம்பி. போயிட்டு வாங்க" என்றேன். அவன் வெளியே நின்று உனக்குப் போன் செய்தான். மறுநாள் நீ என்னைப் பிடித்தாய்.

உன் வாதத்தை நான் கேட்டேன். மறைக்கவில்லை, அவனிடம் சொல்லியாகிவிட்டது, தெரிந்தே கேட்கிறான், தெரிந்து வாங்குகிறவனைத் தடுக்க நீ யார் என்கிறாய். சட்டம் பேசுகிறாய், என்னிடம். ஒரு முறை மூன்று அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை எழுத வந்தார்கள். நான்காவது தம்பி இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் மனைவி நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். "அவளுக்குச் சம்மதம், கையெழுத்துப் போடுறா, எழுதுங்க" என்றார்கள். அவளும் தலையைக் குனிந்தபடி போடுகிறேன் என்றாள். நான் பேனாவை மூடிவைத்தேன். "வயித்துல இருக்கிறதுக்கும் பங்கு உண்டு. அது வந்து கையெழுத்துப் போடட்டும், எழுதுறேன்" என்றேன். கத்தினார்கள், வேறு ஆளைப் பார்த்துப் போனார்கள். போகட்டும், என் கையால் எழுதவில்லை. பிரபு சம்மதித்தான், சரி. அவன் உயிர், அவன் தலை. அந்த முன் சீட்டில் உட்காரப் போகிறவளை அவன் கேட்டானா? அவள் வயிற்றில் இருப்பதை யார் கேட்டது? உன் அப்பாவை நீ கேட்டாயா?

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆடு வரவில்லை என்பதையும், "இன்னும்" என்று சொன்னது நான்தான் என்பதையும். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆடு வரலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நெசமா வந்திருந்தா மொதல்ல ஆட்டுக்கு என்னாச்சுன்னு சொல்லியிருப்ப." ஏன் கேட்கவில்லை என்றேன். "ரெண்டு பேரும் உசுரோட வந்தீங்க. அதுக்கு மேல கேக்கத் தோணல. கேட்டிருக்கணும்" என்றார். பை விஷயத்தையும் சொன்னேன். "நான் கூட வரும்போது ஆஸ்பத்திரி வரைக்கும் அம்புட்டு பொறுமையா ஓட்டுவான். கண்ணுக்காகத்தான் அப்படி ஓட்டுறான்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார். அவ்வளவுதான். சாப்பிடவில்லை.

இனி வண்டி. நீ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன விற்பனைப் படிவங்களைக் கிழித்துவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது. இரண்டு அசல் ஏர்பேக்கும், அந்த டேஷ்போர்டும் எங்கே கிடைக்கும் என்று நீதான் தேடி அனுப்ப வேண்டும். நீ இருக்கும் ஊரில் கிடைக்காத சாமான் இல்லை. சிக்கந்தர் அண்ணன் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கூடவே பிரேக்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். அதெல்லாம் முடிந்து அந்த லைட்டு தானாக அணைந்தால், நீயே வந்து விற்றுக்கொள். அதுவரை அதில் ஒரு கோழிகூட ஏறாது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணுவேன், ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைப்பேன். இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நேற்று திவ்யா கூப்பிட்டாள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. "அம்மா, அவுகளுக்கு இன்னொரு வண்டி வந்திருக்கு. பெரிய வண்டிதான், நாலு கதவு. நான் பாக்காம வாங்கக் கூடாதுன்னுட்டேன். ஒங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்க கூட்டிட்டு வாரீகளா?" என்றாள். வருகிற சனிக்கிழமை நானும் சிக்கந்தர் அண்ணனும் சோழவந்தான் போகிறோம், பஸ்ஸில்.

இதைப் படித்தவுடன் எனக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், இப்போது இளக எனக்கு விருப்பமில்லை. அப்பாவுக்குச் செய். மூன்று நாளாகப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் பெயர் வருகிறதா என்று பார்ப்பதை நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். என்ன சொல்வது என்று என்னிடம் கேட்காதே. இந்த முறை உனக்காக அவரிடம் நான் பேச மாட்டேன்.

அம்மா